பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரில் கண்ணி நழுவாமல் காப்பது: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே பின்னுகிறவர்களில் பலர் இந்த ஊர் வெயிலை நினைத்துப் பின்னுவதில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகளின் பிள்ளைக்கு, வடக்கே பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு, ஊட்டி விடுதியில் படிக்கும் பேத்திக்கு என்று பின்னுகிறார்கள். ஐப்பசி மழையில் பிறக்கும் பச்சைப்பிள்ளைக்கு ஒரு தொப்பியும் காலுறையும் இங்கேயும் வேண்டும்தான்.

யாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டரை முடிப்பதில்லை. குக்கர் விசில் அடிக்கும். மீன்காரம்மா வாசலில் நின்று கூப்பிடுவார். கரண்ட் போகும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு முன்பக்கத்தை முடிப்பதற்குள் எத்தனையோ தடவை ஊசியைக் கீழே வைத்து எடுத்தாக வேண்டும். கண்ணி நழுவுவதில் பெரும்பகுதி இந்த வைக்கிற, எடுக்கிற நேரத்தில்தான் நடக்கிறது. கை ஓடிக்கொண்டிருக்கும்போது கண் அதன் மேலேயே இருக்கும், நழுவினாலும் உடனே தெரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியை, ஊசியை எவ்வளவு நேரத்துக்குக் கீழே வைக்கப் போகிறோம் என்ற கணக்கை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கண்ணி ஏன் நழுவுகிறது

குளச்சலிலோ முட்டத்திலோ வலை பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசையின் நடுவில் அப்படியே போட்டுவிட்டு சாயா குடிக்கப் போவார்கள், ஒன்றும் ஆகாது. வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சுப் போட்டு இறுக்கப்பட்டது. ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அசையாது. மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை வேறு மாதிரி. அதில் திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் அதனதன் இடத்தில் படியும்வரை ஊசியே பிடித்துக்கொண்டிருக்கும்.

நிட்டிங்கில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. ஒரு கண்ணியைப் பிடித்திருப்பது அதற்கு மேல் வரிசையில் அதன் வழியாக வந்த கண்ணி. அந்தக் கண்ணியை அதற்கு மேலே உள்ளது பிடித்திருக்கிறது. கடைசி வரிசையைப் பிடித்திருப்பது ஊசி மட்டும்தான். ஊசியிலிருந்து ஒரு கண்ணி இறங்கினால், அதற்குக் கீழே உள்ளதும் அவிழும், அதற்கும் கீழே உள்ளதும் அவிழும். துணியில் ஏணி விழுவது என்பது இதுதான். பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழே போகும். கண்ணி ஏற்றிய அடி விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும்.

எவ்வளவு வேகமாக ஏணி விழும் என்பது நூலைப் பொறுத்தது. அசல் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால், இறங்கிய கண்ணி கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டு அங்கேயே நிற்கும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கொடுப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான் இருக்கும். அது வழுக்கும். பருத்தி நூலும் அப்படித்தான், அதற்கு எடையும் அதிகம். அக்ரிலிக்கிலோ பருத்தியிலோ பின்னுகிறவர்கள் கீழே சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கடைப்பிடிக்க வேண்டும். கம்பளிக்காரர்கள் சற்று அசட்டையாக இருக்கலாம்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி வேண்டும், பின்னும் ஊசியைவிட ஒரு சுற்று மெல்லியதாக. மொட்டை முனையுள்ள பெரிய தையல் ஊசி ஒன்று. நாலைந்து ஊக்கு. ஸ்வெட்டரின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் வழவழப்பான பருத்தி நூல் கொஞ்சம். குரோஷா வேலைக்கு விற்கும் நூலே போதும். சிவப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளை ஸ்வெட்டரில் சிவப்பு நூல் கோத்து, மழைக்காலத்தில் பையில் ஈரம் ஏறினால் சாயம் இறங்கிவிடும்.

அடுத்தது ஊசி முனைக்கு மூடி. கடையில் ரப்பர் மூடி விற்கிறார்கள், கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் சைக்கிள் கடையில் வால்வு டியூப் கேளுங்கள். அதில் ஒன்றரை செ.மீ. துண்டு வெட்டி ஒரு முனையை முடிச்சுப் போட்டால், 10-ஆம் நம்பர் ஊசிக்கும் அதைவிட மெல்லியவற்றுக்கும் கச்சிதமான மூடி. தடித்த ஊசி என்றால் பென்சில் அழிக்கும் ரப்பரை இரண்டாக வெட்டி முனையைக் குத்தி வைக்கலாம்.

ஊசி நம்பர் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து 10-ஆம் நம்பர் வாங்குகிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள், அமெரிக்காக்காரர்களின் கணக்கு நேர் எதிர்.

ஐந்து நிமிடத்துக்கு எழும்பும்போது

முதல் விதி: வரிசையை முடித்துவிட்டு எழும்புங்கள். யார் கூப்பிட்டாலும் "வரிசை முடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். குழந்தை சைஸில் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். வரிசை முடிந்திருந்தால் கண்ணிகள் எல்லாம் ஒரே ஊசியில் இருக்கும், இன்னொரு ஊசி காலியாக இருக்கும். கண்ணிகளை முனையிலிருந்து தள்ளி, குமிழ் இருக்கும் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். காலி ஊசியைப் பின்னலின் நடுவில் குத்தி வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். துணியில் ஓட்டை தெரியும், சில நேரம் இழை பிரியும். நூல் பந்தில் குத்தினாலும் இழை பிரியத்தான் செய்யும். பக்கத்தில் சேர்த்து வைத்தாலே போதும்.

சரி, பால் பொங்குகிறது, வரிசை முடிக்க நேரம் இல்லை. அப்போது இரண்டு ஊசியிலும் கண்ணிகளை முனையிலிருந்து இரண்டு விரல்கடை பின்னால் தள்ளி, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு ஓடுங்கள். பத்து நொடி வேலை. அப்படியே போட்டுவிட்டுப் போனால் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணி ஒன்றிரண்டு இறங்கியிருக்கும். அதைவிட மோசம், வந்து எடுக்கும்போது எந்தத் திசையில் பின்னிக்கொண்டிருந்தோம் என்ற குழப்பம்.

அந்தக் குழப்பத்துக்குத் தீர்வு எளிது. பந்திலிருந்து வரும் நூல் எந்த ஊசியின் கடைசிக் கண்ணியில் முடிகிறதோ அந்த ஊசி வலது கைக்கு. மாற்றிப் பிடித்தால் பாதி வரிசை திரும்பிப் பின்னி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயர்ந்து நிற்கும்.

இரவுக்கும், நாலைந்து நாளைக்கும்

வரிசை முடிந்த ஊசியின் முனையில் மூடியைப் போடுங்கள். பின்னலை ஊசியைச் சுற்றித் தளர்வாக உருட்டி, ஒரு துணிப்பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஊசி முனை குத்தி வெளியே வரும், ஈரமும் உள்ளேயே தங்கும். வீட்டில் பூனை இருந்தால் பை ஆணியில் தொங்கட்டும்.

எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுங்கள். எத்தனை கண்ணி என்பதையும் எழுதுங்கள். இந்த எண்தான் முக்கியம். மறுநாள் எடுத்ததும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 64 இருக்க வேண்டிய இடத்தில் 63 இருந்தால், ஒரு வரிசைகூடப் பின்னாமல் தேடுங்கள். எண்ணாமல் நாலு வரிசை ஓட்டிவிட்டால், அந்த ஒரு கண்ணியை ஏற்ற நாலு வரிசையையும் பிரிக்க வேண்டியதாகும்.

ரப்பர் பேண்ட், ரப்பர் மூடி எதையும் மாசக்கணக்கில் நூலோடு ஒட்டி வைக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் பார்க்காதவர்கள் குறைவு. ரப்பர் பழசானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நம் புழுக்கத்தில் அது இளகி இழையோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது.

வாரக்கணக்கில் நிறுத்தும்போது

வீட்டில் கல்யாணம், கோவில் கொடை, பரீட்சை என்று வந்தால் ஸ்வெட்டர் மூலைக்குப் போய்விடும். அப்போது ஊசியிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஒரே வரிசை ஊசியில் இழுபட்டு நிற்பதால், பிறகு தொடரும்போது அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். ஸ்டீல் ஊசி என்றால் துருக்கறையும் சேரும். கண்ணிகளை எல்லாம் பருத்தி நூலில் இறக்கி, ஊசியை எடுத்துவிடுங்கள். எப்படி இறக்குவது என்பதைக் கழுத்துப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன், செய்முறை ஒன்றுதான். ஊசியை எடுத்த கையோடு அது எத்தனையாம் நம்பர் என்று காகிதத்தில் எழுத மறக்காதீர்கள். வேறு நம்பரில் தொடர்ந்தால் அளவு மாறிப்போகும்.

கழுத்தும் தோளும்: கண்ணிகளைக் காத்திருக்க வைப்பது

ஸ்வெட்டர் வேலையில் கண்ணிகளை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு. கழுத்து, தோள், மேலிருந்து கீழே பின்னுகிற ஸ்வெட்டரில் இரண்டு கைகள். இங்கேதான் மூடாத கண்ணிகள் நாள்கணக்கில் ஊசி இல்லாமல் இருக்கின்றன.

ஒரு குழந்தை ஸ்வெட்டரின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 64 கண்ணி. கழுத்து தொடங்கும் உயரம் வந்துவிட்டது. இடது தோளுக்கு 25, நடுவில் கழுத்துக்கு 14, வலது தோளுக்கு 25 என்று பிரிக்க வேண்டும்.

நல்ல பக்கம் நம்மைப் பார்க்க, முதல் 25 கண்ணிகளைப் பின்னுங்கள். அங்கே நிறுத்துங்கள். மொட்டை ஊசியில் 30 செ.மீ. நீளத்துக்குப் பருத்தி நூல் கோத்துக்கொள்ளுங்கள். இடது ஊசியில் இருக்கும் அடுத்த கண்ணிக்குள் மொட்டை ஊசியை வலது பக்கத்திலிருந்து, பர்ல் (நிட்டுக்கு நேர் எதிர், கண்ணியின் மேடு நம்மைப் பார்க்க விழும் பின்னல்) போடுவதற்கு நுழைப்பதுபோல நுழைத்து, கண்ணியை நூலுக்கு மாற்றுங்கள். பின்னக் கூடாது, இடம் மாற்றுவது மட்டும்தான். இப்படி 14. நூலின் இரண்டு நுனியையும் சேர்த்து, இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். இறுக்கிக் கட்டிவிட்டால் துணி சுருங்கி, கழுத்தின் வளைவு சரியாக வருகிறதா என்று பார்க்க முடியாது. மேசை மேல் விரித்தால் அந்த 14 கண்ணியும் தட்டையாகப் படிய வேண்டும், அந்த அளவுக்கு நூல் தளர்வாக இருக்கட்டும்.

மீதி 25 கண்ணிகளை வேறு நிறத்தில் இன்னொரு நூலுக்கு மாற்றுங்கள். ஒரே நூலில் 39-ஐயும் கோத்துவிட்டால் பிறகு எங்கே கழுத்து, எங்கே தோள் என்று எண்ண வேண்டி வரும். இரண்டு நிறம், இரண்டு நூல். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதற்கென்றே பெரிய ஊக்கு வடிவத்தில் ஸ்டிட்ச் ஹோல்டர் விற்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் குழந்தை ஸ்வெட்டருக்கு எடை அதிகம். அது தொங்கித் தொங்கி, கழுத்தின் இரண்டு ஓரக் கண்ணியும் இழுபட்டு ஓட்டை தெரியும். நாலைந்து கண்ணிக்குச் சாதாரண ஊக்கு போதும். ஊக்கின் அடியில் இருக்கும் சுருளில் மட்டும் இழை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் நூலுக்கு ஈடு வேறில்லை என்பது என் கட்சி.

திரும்ப ஊசிக்கு ஏற்றும்போது அவசரம் கூடாது. பின்னுவது 10-ஆம் நம்பர் என்றால், ஏற்றுவதற்கு 12-ஆம் நம்பரை எடுங்கள். மெல்லிய ஊசி நூல் போன தடத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். பதினாலும் ஊசிக்கு வந்த பிறகு எண்ணிப் பார்த்து, அதற்கப்புறம்தான் நூலை உருவ வேண்டும். ஏற்ற ஏற்ற உருவிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒன்பதாவது கண்ணியில் கை தடுமாறினால் மீதி ஐந்துக்கும் பிடிமானம் இல்லை.

ஏற்றிய கண்ணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசிக்கு முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால். வலது கால் முன்னால் இருந்தால் சரி. இடது கால் முன்னால் இருந்தால் அந்தக் கண்ணி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அப்படியே பின்னினால் முறுக்கிக்கொண்டு, நல்ல பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரித் தெரியும். மறு ஊசியால் எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டுப் பின்னுங்கள்.

கைகளுக்கு இதே முறைதான். மேலிருந்து கீழே வரும் ஸ்வெட்டரில் ஒரு கைக்கு நாற்பது கண்ணி வரை காத்திருக்கும், அதுவும் உடல் பகுதி முடியும்வரை. அங்கே நூலைக் குறைந்தது 60 செ.மீ. விடுங்கள். ஸ்வெட்டரைப் போட்டுப் பார்க்கும்போது பிள்ளையின் கை அதன் வழியாகப் போய் வர வேண்டுமே.

காப்பு நூல்: பிரித்தாலும் பயமில்லாமல் இருக்க

பூவேலை, துளைவேலை போடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. பிளெயின் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கழுத்து தொடங்கும் முன்பு ஒன்று, கைக்குழி தொடங்கும் முன்பு ஒன்று போட்டால் போதும். நூலை ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோத்து அப்படியே துணியில் விட்டுவிட்டு மேலே பின்னிக்கொண்டு போவதுதான் காப்பு நூல். மேலே என்ன தப்பு நடந்தாலும், பிரித்துக்கொண்டு வந்தால் அந்த வரிசையோடு நின்றுவிடும்.

நூலாக எதைப் போடலாம்? பின்னும் நூலைவிட மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். குரோஷா நூல் நல்லது. பல் இடுக்கில் விடும் டென்டல் ஃபிளாஸும் பலர் போடுகிறார்கள், புதினா வாசனை இல்லாததாகப் பாருங்கள். பஞ்சு பறக்கும் நூலில் பருத்தி சிக்கிக்கொள்ளும். அதற்குத் தூண்டிலுக்கு வாங்கும் தங்கூசி நரம்பு நன்றாக வழுக்கிக்கொண்டு வரும். கடற்கரை ஊர்களில் அது கிடைக்காத கடை இல்லை. மெல்லியதாக, நிறம் உள்ளதாக வாங்குங்கள். நிறமில்லாத தங்கூசி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய நுனி குத்தும் என்பதால் இரண்டு நுனியிலும் சின்ன முடிச்சு.

செய்முறை:

1. வடிவம் இல்லாத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். துளைவேலையில் பின்பக்கத்தில் வரும் வெறும் பர்ல் வரிசை சரியானது. அந்த வரிசையை முடித்து, எண்ணிச் சரிபார்த்துவிடுங்கள். தப்பான வரிசையில் காப்பு நூல் போட்டால் தப்பைத்தான் காப்பாற்றும்.

2. துணியின் அகலத்தோடு 30 செ.மீ. சேர்த்து நூல் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் 15 செ.மீ. தொங்க வேண்டும்.

3. கண்ணிகள் ஊசியிலேயே இருக்கட்டும். மொட்டை ஊசியை ஊசிக்குக் கீழேயே ஒட்டினாற்போல ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் செலுத்துங்கள். இழையைப் பிளந்துகொண்டு போகக் கூடாது. மொட்டை ஊசி கேட்பது இதற்காகத்தான்.

4. அடையாள வளையம் மாட்டியிருந்தால் அதன் வழியாகக் கோக்காதீர்கள். கோத்துவிட்டால் வளையம் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும், மேலே நகர்த்த முடியாது.

5. அடுத்த வரிசையைப் பின்னும்போது காப்பு நூலையும் சேர்த்துப் பின்னிவிடாமல் பாருங்கள். இந்த ஒரு வரிசையில்தான் நிதானம் வேண்டும், அப்புறம் அது இருப்பதே மறந்துபோகும்.

6. எத்தனையாவது வரிசை என்று எழுதி வையுங்கள்.

துளைவேலையில் வடிவம் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் புதிதாக ஒன்று போடலாம். புதியது போட்டு எண்ணிப் பார்த்த பிறகு பழையதை உருவிக்கொள்ளலாம். இரண்டு முனையையும் ஒரு வயர் சேர்க்கும் கேபிள் ஊசியில், முனையைக் கழற்றி மாட்டும் வகை சிலவற்றில், முனை சேரும் இடத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் நூலைக் கட்டிவிட்டுப் பின்னினால், வரிசை முடியும்போது காப்பு நூல் தானாகவே கோத்திருக்கும்.

பிரிக்க வேண்டி வந்தால், ஊசியை உருவிவிட்டு நூலை இழுங்கள். காப்பு நூலுக்கு ஒரு வரிசை மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்து, கடைசி வரிசையை ஒவ்வொரு கண்ணியாக எடுங்கள். பிறகு மெல்லிய ஊசியைக் காப்பு நூலின் தடத்தில் செலுத்துங்கள். காப்பு நூலை அப்போதும் உருவ வேண்டாம், மறுபடியும் தேவைப்படலாம்.

முன்னாலேயே போடவில்லை, இப்போது பத்து வரிசை பிரிக்க வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. தப்பு நடந்த வரிசைக்குக் கீழே, ஒழுங்காக இருக்கும் ஒரு வரிசையைக் கண்டுபிடியுங்கள். பிளெயின் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் நல்ல பக்கத்தில் ஆங்கில வி எழுத்துப் போலத் தெரியும். அதன் வலது காலை மட்டும் மெல்லிய ஊசியால் எடுங்கள். அடுத்த கண்ணியின் வலது கால், அடுத்ததன் வலது கால் என்று ஒரே வரிசையில் போக வேண்டும். நடுவில் ஒரு வரிசை மேலே ஏறிவிடுவது சகஜம், அதனால் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். 64 கண்ணியும் வந்த பிறகு மேலே உள்ள ஊசியை உருவிப் பிரிக்கலாம். நேராக இந்த ஊசியில் வந்து நிற்கும்.

நழுவியே விட்டால்

முதலில் எதையும் இழுக்காதீர்கள். துணியைத் தூக்கி உதறிப் பார்ப்பதும் வேண்டாம். கையில் கிடைக்கிற ஊக்கை நழுவிய கண்ணிக்குள் மாட்டிவிடுங்கள். இனி அது கீழே போகாது. மூச்சு விடலாம்.

அப்புறம் துணியை மேசையில் விரித்து, நழுவிய கண்ணிக்கு மேலே எத்தனை ஏணிப்படி தெரிகிறது என்று எண்ணுங்கள். மூன்று படி என்றால் மூன்று வரிசை இறங்கியிருக்கிறது. நல்ல பக்கம் மேலே இருக்க, குரோஷா ஊசியை முன்னாலிருந்து கண்ணிக்குள் விட்டு, அதற்கு நேர் மேலே உள்ள முதல் படியைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். இப்போது அந்தப் படி புதுக் கண்ணி ஆகிவிட்டது. அடுத்த படி, அதற்கடுத்த படி. வரிசை தப்பக் கூடாது. இரண்டாவது படியை முதலில் எடுத்துவிட்டால் பின்பக்கத்தில் ஒரு நூல் தொங்கும். மேலே வந்ததும் வலது கால் முன்னால் இருக்கும்படி இடது ஊசியில் போட்டுவிடுங்கள். தூக்கிய பத்தி கொஞ்சம் இறுக்கமாகவோ தளர்வாகவோ தெரிந்தால், இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் மொட்டை ஊசி முனையால் இழுத்துச் சமன் செய்யலாம். துவைத்ததும் மிச்சமும் படிந்துவிடும்.

பர்ல் கண்ணி நழுவினால் துணியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தில் அது நிட்தான். எல்லா வரிசையையும் நிட்டாகவே போடும் கார்ட்டர் பின்னலில் ஒரு படி முன்னாலிருந்து, அடுத்த படி பின்னாலிருந்து என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் போட்ட இடத்தில் அந்தப் பத்தி நிட்டா பர்லா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓரக் கண்ணி நழுவினால் ஏணிப்படி தெரியாது, பெரிய வளையமாகத் தொங்கும். அந்த வளையத்தின் ஒரு பக்கம் ஒரு வரிசை, மறுபக்கம் அடுத்த வரிசை. குரோஷா ஊசியைக் கீழ்க்கண்ணியில் விட்டு, வளையத்தின் கீழ்ப்பக்கத்தை முதலில் இழுத்து, பிறகு மேல்பக்கத்தை இழுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் குரோஷா ஊசி உதவாது. எட்டு வரிசைக்கு முன்பே நழுவிய கண்ணியை இப்போதுதான் பார்க்கிறீர்கள், ஆனால் ஏணி விழவில்லை, அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு மேலே உள்ள எட்டு வரிசையும் அந்தக் கண்ணி இல்லாமலே பின்னப்பட்டவை, அவற்றில் அந்தக் கண்ணிக்கான நூல் கிடையாது. மேலே தூக்கினால் சுற்றிலும் சுருங்கி வரும். உள்சட்டை போல மறைந்து போகும் இடம் என்றால், பின்பக்கத்தில் ஒரு துண்டு நூலால் தைத்து நிறுத்திவிடலாம். நெஞ்சுக்கு நேரே என்றால் பிரிப்பதுதான் வழி.

உப்புக்காற்றும் ஈரமும்

கடலோர ஊர்களில் ஸ்டீல் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் இழை சிக்கும். அதை உந்தித் தள்ளும்போது பக்கத்துக் கண்ணி முனையைத் தாண்டி இறங்கும். அலுமினிய ஊசி துருப்பிடிக்காது, ஆனால் அக்ரிலிக்கோடு சேர்ந்தால் வழுக்கு அதிகம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் மூங்கில் ஊசியைத்தான் சொல்வேன். கண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை மாசங்களில் கொஞ்சம் ஈரம் இழுத்து இறுகும், அதற்கு உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்தால் போதும். சித்திரை வெயிலில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டினால், கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொஞ்சம் முகப்பவுடர்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் வாசலில் உட்கார்ந்து பின்னுகிறவர்கள் நூல் பந்தைச் சின்னச் சருவத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பந்து உருண்டு ஓடி நூல் விசுக்கென்று இழுபட்டால், முனைக்கண்ணிதான் முதலில் போகும்.

பையில் காய்ந்த வேப்பிலை போடலாம், பச்சை இலை வேண்டாம், கறை பிடிக்கும்.

பஸ்ஸிலும் ரயிலிலும்

வடசேரியில் ஏறி மார்த்தாண்டம் போவதற்குள் எத்தனை பிரேக் என்று தெரியும்தானே. நீளமான நேர் ஊசி பஸ்ஸுக்கு ஆகாது. பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்கும், இடித்தால் கண்ணி போகும். கேபிள் ஊசி எடுத்துப் போங்கள். நேர்த் துணியையும் கேபிளில் திருப்பித் திருப்பிப் பின்னலாம். இறங்கும் இடம் வந்தால் கண்ணிகளை எல்லாம் நடுவில் உள்ள வயருக்குத் தள்ளிவிட்டால், இரண்டு முனையும் காலியாகத் தொங்கும், மூடிகூட வேண்டாம்.

திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் மாதிரி மூன்று நாளுக்கு மேல் ஓடும் ரயில் என்றால் ஒரு முழுப் பின்பக்கமே முடித்துவிடலாம். ஆனால் ரயிலில் கழுத்துப் பிரிக்கும் வேலையைத் தொடங்காதீர்கள். எண்ணுகிற நேரம் பார்த்து எதிர் சீட்டில் இருப்பவர் ஊர் எது என்று விசாரிப்பார். நேராகப் போகிற பகுதியை மட்டும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும்போது

தோளில் முன்பக்கம் 20, பின்பக்கம் 20 கண்ணி மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். தனித்தனியாக மூடித் தைப்பதைவிட, நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க இரண்டு ஊசியையும் இணையாகப் பிடித்து, மூன்றாவது ஊசியால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று சேர்த்துப் பின்னி மூடுவது நல்லது. தோள் தொய்யாது, காத்திருந்த கண்ணிகள் நேராக மூடப்பட்டுவிடும்.

கடைசியில் ஒரே ஒரு கண்ணி மிஞ்சும். நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, அந்த நுனியைக் கடைசிக் கண்ணி வழியாக முழுவதும் இழுத்து இறுக்குங்கள். நுனியைப் பின்பக்கத்தில் ஒரு திசையில் நாலைந்து கண்ணி கோத்து, திரும்பி எதிர்த் திசையிலும் கோத்துவிட்டு வெட்டுங்கள். அக்ரிலிக் என்றால் இன்னும் இரண்டு கண்ணி கூட்டிக்கொள்ளலாம். காப்பு நூல் ஏதாவது உள்ளே இருந்தால், தோளும் கையும் தைத்து, பிள்ளைக்கு ஒரு தடவை போட்டு அளவு சரிதான் என்று பார்த்த பிறகு உருவுங்கள்.